மருந்தடிக்காத வீடு

மாசிலாமணி மருந்தடிக்க வருகிறான் என்று தெரிந்தால் போர்ட் பிளேரைத் தாண்டி இருக்கிற பெரார்கஞ்ச் பக்கத்துக் குடியிருப்புகளில் பாதிப் பேருக்கு அன்றைக்கென்று வயல் வேலை ஞாபகம் வந்துவிடும். கதவைச் சாத்திவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கொசு அவனுக்குப் பயந்ததோ இல்லையோ, ஜனங்கள் பயந்தார்கள்.

பயப்பட நியாயமும் இருந்தது. வேறு ஊர்களில் மலேரியா ஆட்கள் வந்தால் முன்சுவரில் நாலு பீச்சு பீச்சுவார்கள், கதவில் தேதி எழுதுவார்கள், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். இவனிடம் அந்தப் பேச்சே கிடையாது. பானை சட்டி, பாய் தலையணை, அரிசி டின், தூளியில் கிடக்கிற பிள்ளை, எல்லாம் முற்றத்துக்கு வந்தாக வேண்டும். கட்டிலைக் கவிழ்த்து அடிப்பான். சாமி படங்களை வீட்டுக்காரர்களையே கழற்றச் சொல்லி, பின்னால் இருக்கிற சுவரில் அடிப்பான். அடுப்படிக்குள் விடமாட்டோம் என்பார்கள். நீங்கள் விடுகிற வரைக்கும் நிற்கிறேன் என்று வாசலில் நிற்பான். நிற்பதில் அவனை ஜெயிக்க யாராலும் முடியாது. கடைசியில் வீட்டுக்காரி அலுத்துப்போய் வழி விடுவாள். அவன் போன பிறகு சுவரெல்லாம் வெள்ளை வெள்ளையாக வழிந்திருக்கும். வீடு பூராவும் டி.டி.டி. வாடை. நாலைந்து நாளில் பூனை செத்துப் போகும், எலிக்குக் கொண்டாட்டம். இதற்கெல்லாம் அவனை யாராவது வாழ்த்துவார்களா?

வாழ்த்துக்காக அவன் அந்த வேலைக்கு வரவில்லை. நாசரேத் பக்கத்துக் கிராமத்திலிருந்து ரோடு வேலைக்கென்று கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தவன். வந்த வருஷமே காட்டுக் காய்ச்சல் அடித்துப் போட்டது. கூலிக் கொட்டகையில் அவனுக்கு இடப்பக்கம் படுத்திருந்தவன் செத்தான், வலப்பக்கம் படுத்திருந்தவனும் செத்தான், நடுவில் கிடந்தவன் பிழைத்து எழுந்தான். எதற்காகத் தன்னை மட்டும் விட்டுவைத்தீர் என்று கர்த்தரிடம் கேட்டுக்கொண்டே இருந்தவனுக்கு, மலேரியா ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மருந்து வாளியைத் தூக்குவது அவனுக்கு வேலை இல்லை, ஊழியம். காலையில் பொடியைத் தண்ணீரில் கொட்டுவதற்கு முன்னால் கண்ணை மூடி ஜெபம் செய்வான். வாளிக்குள் நிற்கிற பம்பை மிதித்துப் பிடித்து அடிப்பது கண்ணையாவின் வேலை. ராமநாதபுரத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. ஜெபம் முடிகிற வரைக்கும் பீடி பிடித்துக்கொண்டு நிற்பான்.

"அண்ணே, ஜெபம் கரைஞ்சிருச்சா, இன்னும் கலக்கணுமா? சலோ, வெயில் ஏறுது."

"கரைஞ்சிட்டு, வா" என்பான் மாசிலாமணி. கோபம் வராது.

எல்லாம் சரி, ஒன்றுதான் தங்கத்துக்குப் பிடிக்கவில்லை. தங்கம் அவன் பெண்டாட்டி. ஊரில் எல்லா வீட்டுக்கும் அடித்துவிட்டுத்தான் தன் வீட்டுக்கு அடிப்பது என்று அவன் வைத்திருந்தான். கழிமுகத்து ஓரத்தில் ஆரம்பிப்பான், வயல்கரை முழுக்க அடிப்பான், மேட்டில் இருக்கிற தன் வீட்டுக்குக் கடைசியாக வருவான். அவனுக்கு முன்னால் இருந்த ஆள் சொந்த வீட்டுக்கும் மச்சான் வீட்டுக்கும் தாராளமாக அடித்து, மிச்சப் பொடியை அவரைப் பந்தலுக்கும் தூவினான் என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சு தன்மேல் வரக்கூடாது என்பதில் மாசிலாமணி கண்ணாக இருந்தான். நல்லவன் என்று பேரெடுப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அது நாக்கில் பட்டுவிட்டால் லேசில் விடாது. ஆனால் அவன் அதைத் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை.

"நம்ம சுகிர்தமும் பிள்ளைதான? அதையும் கொசு கடிக்கத்தான செய்யுது?" என்று கேட்டாள் தங்கம். சுகிர்தத்துக்கு மூன்று வயது. அப்பாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஈர்க்குச்சியை வைத்துச் சுவர் சுவராக 'ஸ்ஸ்' என்று மருந்தடித்துக்கொண்டு திரியும்.

"நம்மூருல கோயில் அசனத்துக்குப் பந்தி போடும்போது, பரிமாறுதவன் எப்ப சாப்பிடுவான்? கடைசியிலதான? சட்டியக் கையில வச்சிருக்கவன் மொதல்ல உக்காந்து தின்னா அது பந்தியா தங்கம்?"

"அசனத்துல சோறு தீந்துபோனா பரிமாறினவன் வீட்டுல வந்து கஞ்சி குடிச்சுக்கிடுவான். மருந்து தீந்துபோனா?"

மாசிலாமணி சிரித்தான். இது வரைக்கும் தீர்ந்ததில்லையே என்றான். உண்மைதான், தீர்ந்ததில்லை.

அந்த வருஷம் மழை விட்ட சமயம் கப்பல் வரவில்லை. கல்கத்தாவில் ஏதோ ரிப்பேர் என்றார்கள். போர்ட் பிளேரிலிருந்து இன்ஸ்பெக்டர் கிருஷ்ணமூர்த்தி இருந்த மருந்தைப் பங்கிட்டு அனுப்பினார். "பார்த்துச் செலவு பண்ணுப்பா, இனிமே மெயின்லேண்ட்ல இருந்து வந்தாத்தான்" என்று சொல்லி விட்டார். மாசிலாமணி பார்த்துத்தான் செலவு பண்ணினான். பொடியை அளந்து அளந்து கரைத்தான். ஒரு வீட்டைக் கூட விடவில்லை. கடைசி நாள் மத்தியானம் டின்னின் அடியில் ஒரு வாளிக்கான பொடி நின்றது. அவன் வீட்டுக்குச் சரியாக இருக்கும்.

அதை எடுத்துக்கொண்டு அவனும் கண்ணையாவும் மேட்டுக்கு ஏறுகிற வழியில் சுசீலாவின் வீடு. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதியாக வந்து, சர்க்கார் கொடுத்த நிலத்தில் காடு வெட்டி நெல் போட்ட குடும்பம். சுசீலா முற்றத்தில் அரிசிமாவில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். லட்சுமி பூஜை. இடுப்பில் கைக்குழந்தை. அவனைப் பார்த்ததும் சந்தோஷமாக நிமிர்ந்து, "கைஸா ஹை, தாதா?" என்று சுவரைக் காட்டி, எப்படி இருக்கிறதென்று கேட்டாள்.

மாசிலாமணி சுவரைப் பார்த்தான். புதுமண்ணும் சாணமும் குழைத்து வழவழவென்று மெழுகியிருந்தாள். உள்ளேயும் அப்படியே, மூலை முடுக்கு விடாமல். வெள்ளை வழிசலும் வாடையுமாக இருக்கிற வீட்டுக்கு லட்சுமி வருவாளா? அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஆனால் போன வாரம் அவன் அடித்த மருந்து பூராவும் அந்த மெழுகலுக்கு அடியில் போய்விட்டது. இனி கொசு அந்தச் சுவரில் ஜம்மென்று உட்காரலாம்.

கண்ணையாவுக்குப் புரிந்துவிட்டது. "அண்ணே, வேணாம். நம்ம அடிச்சாச்சு, கதவுல தேதி போட்டாச்சு. அது மேல அவுங்க மொழுகுனா நம்ம என்ன செய்றது? பஸ், காம் கதம். நம்ம வேல முடிஞ்சுது."

"தேதியா கொசுவக் கொல்லும்?"

"வாளிய வீட்டுக்குக் கொண்டு போங்கண்ணே. மதினி காத்துக்கிட்டு இருக்கும்."

மாசிலாமணி அந்தக் கைக்குழந்தையைப் பார்த்தான். குழந்தையின் காலில் கொசு கடித்த தடிப்புகள் சிவந்திருந்தன. மெழுகலுக்கு அடியில் மறைந்துபோன வேலை, செய்த வேலை ஆகுமா? ஆபீசுக்குத் தேதி போதும். தன்னை அனுப்பின கர்த்தருக்குப் போதுமா? வாளியை இறக்கி, பொடியைக் கொட்டினான்.

சுசீலா அழுதே விட்டாள். கோலத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்து போய் அவள் வீட்டுச் சுவர் முழுக்க மறுபடி அடித்தான். வெளியே வந்தபோது வாளி காலி.

மேட்டில் தங்கம் எல்லாப் பாத்திரத்தையும் முற்றத்தில் எடுத்து வைத்திருந்தாள். பாய்கள் வேலியில் கிடந்தன. அரிசி டின்மேல் சுகிர்தத்தை உட்காரவைத்து, பக்கத்தில் நின்றுகொண்டு வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலி வாளியைப் பார்த்தாள். கண்ணையா தலையைக் குனிந்துகொண்டான். நடந்ததை அவன்தான் சொன்னான்.

"அடுத்த கப்பல்ல வந்துரும், தங்கம்" என்றான் மாசிலாமணி.

அவள் ஒவ்வொரு பாத்திரமாக உள்ளே எடுத்து வைத்தாள்.

கப்பல் வருவதற்கு முன்னால் காய்ச்சல் வந்துவிட்டது. விளையாடிக்கொண்டிருந்த சுகிர்தம் குளிருகிறது என்று வந்து படுத்தது. கம்பவுண்டர் கொடுத்த மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்து ஊட்டினார்கள், வாந்தியாக வந்தது. மறுபடி ஊட்டினார்கள், மறுபடி வந்தது. பிறகு கண் மேலே போய், கையும் காலும் வெட்டி இழுத்தது. மரம் ஏற்றிப் போகிற லாரியைக் கையைக் காட்டி நிறுத்தி, போர்ட் பிளேருக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர் பக்கத்தில் தங்கம், மடியில் பிள்ளை. பின்னால் மரத்தடிகளைப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி. ஒவ்வொரு வளைவிலும் ஜெபம் செய்தான். டாலிகஞ்ச் தாண்டும்போது லாரிக்குள்ளிருந்து தங்கத்தின் குரல் கேட்டது. டிரைவர் வண்டியை நிறுத்தினார். இனி வேகமாகப் போய் ஆக வேண்டியது ஒன்றுமில்லை.

போர்ட் பிளேரிலேயே அடக்கம் செய்தார்கள். சபை குருவான ஐயர் ஆறுதல் சொன்னார். கம்பவுண்டரும் சொன்னார். கொசு எங்கே கடித்ததென்று யாருக்குத் தெரியும், வயலில் கடித்திருக்கலாம், கடையில் கடித்திருக்கலாம், மருந்தடித்த வீட்டிலும் காய்ச்சல் வந்ததில்லையா என்றார். மாசிலாமணி அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். வீட்டுக்கு வந்து தங்கத்திடம் அதைச் சொன்னான்.

"இருக்கலாம்" என்றாள் தங்கம். "ஆனா நீங்க அடிச்சிருந்தா, எனக்கு நெனச்சு அழ இந்த ஒண்ணு இருந்திருக்காது."

அதற்குப் பிறகு அவள் அவனிடம் தேவைக்குத்தான் பேசினாள். சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஜெபத்துக்குக் கூப்பிட்டால் மட்டும் வரமாட்டாள். ஒரு நாள் சுசீலா ஒரு செம்புப் பால் கொண்டுவந்து வாசலில் நின்றாள். தங்கம் வெளியே வந்து, "ஒன் வீட்டுச் செவத்துல இருக்கது எம் பிள்ளைக்கு வச்சிருந்த மருந்து" என்றாள். தமிழ்தான், சுசீலாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. செம்பைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை.

மாசிலாமணி என்ன நினைத்தான்? நினைக்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை. அந்தக் குழந்தைக்கு அடித்தது தப்பு என்று அவனால் எண்ண முடியவில்லை. அப்படி எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் அதன் காலில் இருந்த தடிப்புகள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஆனால் தன் வீட்டை ஏன் கடைசியில் வைத்தோம் என்ற கேள்விதான் அவனை விடவில்லை. முதல் நாளே ஒரு வாளி தன் வீட்டுக்கு அடித்திருந்தால் கர்த்தர் கோபித்திருப்பாரா? மாட்டார். ஊர்தான் நாலு வார்த்தை பேசியிருக்கும். அந்த நாலு வார்த்தைக்குப் பயந்துதானே செய்தோம், அதற்குப் போய் ஊழியம் என்று பேர் வைத்தோமே என்று அவனுக்குத் தோன்றியது. தோன்றிய பிறகு கண்ணை மூடி ஜெபம் செய்யக் கூச்சமாக இருந்தது.

கிறிஸ்துமஸ் கழிந்துதான் கப்பல் வந்தது. டின் டின்னாக மருந்து வந்து இறங்கியது. வேறு வேலைக்கு மாற்றித்தரட்டுமா என்று கிருஷ்ணமூர்த்தி கேட்டார். நல்ல மனுஷர், மனதாரத்தான் கேட்டார். வேண்டாம் சார் என்றான். ஏன் வேண்டாமென்றான் என்று அவனுக்கே தெரியவில்லை.

புது ரவுண்டு ஆரம்பிக்கிற காலையில் கண்ணையா வழக்கம்போலப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றான். மாசிலாமணி ஜெபம் எதுவும் செய்யவில்லை. பொடியைக் கொட்டி, குச்சியை விட்டுக் கலக்கி, வாளியைத் தூக்கினான். கண்ணையா பாதிப் பீடியை எறிந்துவிட்டுப் பின்னால் நடந்தான். கழிமுகத்துப் பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் மாசிலாமணி மேட்டுப்பக்கம் திரும்பினான்.

தங்கம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாத்திரம் ஒன்றும் வெளியே வரவில்லை.

"தங்கம், சாமானை எடுத்து வெளிய வையி. மருந்தடிக்கணும்."

அவள் வாளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "கழிமுகத்துக்குப் போவலியா?"

"இந்தத் தடவ நம்ம வீடுதான் மொதல்ல."

தங்கம் கீரைத் தண்டை ஒடித்தாள். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், வாளியைத் தட்டிவிட்டிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும் என்று கண்ணையா பிற்பாடு சொன்னான்.

"நம்ம வீட்டுக்கு இனிம என்ன அவசரம்?" என்றாள் சாதாரணமாக. "பிள்ள இருக்குத வீட்டுக்குப் போங்க."

மாசிலாமணி வாளியைக் கீழே வைத்தான். "என்ன மன்னிச்சிரு" என்று சொல்ல வாயெடுத்தான், சத்தம் வரவில்லை.

"போங்க" என்றாள் மறுபடியும். "அந்த வங்காளத்தி வீட்டுக்கு மொதல்ல போங்க. அவ பிள்ள தவழ ஆரம்பிச்சாச்சு. செவத்துல கைய வச்சிக்கிட்டு நிக்கப் பாக்குது. நான் இங்கருந்து தெனமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

அவன் வாளியைத் தூக்கினான்.

சுசீலாவின் வீட்டில் கதவு பாதி சாத்தியிருந்தது. ஆளைக் கண்டதும் அவள் உள்ளே போய் நின்றுகொண்டாள். சுவரைப் பார்த்துக் கண்ணையா ஆச்சரியப்பட்டான். அறுவடை முடிந்து அவர்கள் பண்டிகையும் கழிந்திருந்தது. அந்த வட்டாரத்து வீடுகளெல்லாம் புது மெழுகலில் பளிச்சென்று இருந்தன. இந்த ஒரு வீடு மட்டும் ஐப்பசியில் அடித்த வெள்ளை வழிசலோடு அப்படியே நின்றது. சுசீலா அதன்மேல் கை வைக்கவே இல்லை.

மாசிலாமணி எப்போதும்போல வாசலில் நின்றான். சாமானை எடுத்து வை என்று சொல்ல வேண்டும், அது கூட அவனுக்கு வரவில்லை. சுசீலாவும் வெளியே வரவில்லை. இப்படியே எவ்வளவு நேரம் நிற்பது என்று கண்ணையா தவித்துக்கொண்டிருந்தபோது பின்னால் தங்கத்தின் குரல் கேட்டது.

"தீதி, பர்த்தன் பாஹர் நிகாலோ."

பாத்திரத்தை வெளியே எடு என்று இந்தியில் சொல்லிக்கொண்டே, கீரைக்கறை படிந்த கையை முந்தானையில் துடைத்தபடி வந்து நின்றாள். சுசீலா எட்டிப் பார்த்தாள். தங்கம் உள்ளே போய்த் தானே ஒரு தவலையைத் தூக்கி வந்து முற்றத்தில் வைத்தாள். பிறகு பாய், பிறகு அரிசி டின். சுசீலாவும் ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தாள். கடைசியில் குழந்தை மட்டும் மிச்சம். அதைத் தருவதா வேண்டாமா என்று தெரியாமல் சுசீலா அதை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். தங்கம் கையை நீட்டினாள்.

மாசிலாமணி உள்ளே போனான். மூங்கில் தட்டிச் சுவர்தான், வெளியே மூச்சு விட்டாலும் உள்ளே கேட்கும். கண்ணையா பம்பை மிதித்துக்கொண்டு, "ஆரம்பிக்கவாண்ணே?" என்றான். அவன் பதில் சொல்வதற்குள் வெளியே குழந்தை அழ ஆரம்பித்தது. புது ஆள் கை, அழத்தானே செய்யும். தங்கம் அதைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே முற்றத்தில் இங்கும் அங்கும் நடந்தாள்.

"அழாத, சுகிர்தம். அப்பா மருந்தடிச்சிட்டு இப்ப வந்துருவாவ."

அவள் சொன்னது அவளுக்கே கேட்டதா என்று தெரியவில்லை. சுசீலாவுக்கு அது ஏதோ தாலாட்டு. குழந்தை அடங்கியது.

மாசிலாமணி சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். கண்ணையா பம்பை விட்டுவிட்டு ஒரு ஓரமாகப் போய் நின்றான். அழுது முடித்து, மூக்குத் துணியை இழுத்துக் கட்டிக்கொண்டு, "அடி" என்றான் மாசிலாமணி. அன்றைக்கு அவன் அந்த வீட்டில் ஒரு சாண் இடம் விடவில்லை.